ஒரே "வேண்டும்", ஆங்கிலத்தில் எத்தனை? மஸ்ட், ஹேவ் டு, ஷுட், மே, மைட் பற்றி ஒரு விவாத இழை

மன்னார்குடி மாலைவகுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் தமிழ்வழி மாணவர்கள். சென்ற வாரம் மொழிபெயர்ப்புப் பயிற்சியாக, "நாளை விடுமுறை, நீங்கள் பள்ளிக்கு வர வேண்டாம்" என்ற தொடரைக் கொடுத்தேன். பாதிக்கும் மேற்பட்டவர்கள் "யூ மஸ்ட் நாட் கம் டு ஸ்கூல்" என்று எழுதியிருந்தார்கள்.

அவர்களில் ஒரு மாணவியின் நோட்டு என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அவள் முதலில் "யூ டோன்ட் ஹேவ் டு கம்" என்று சரியாகவே எழுதியிருக்கிறாள். பிறகு அதை நீலப் பேனாவால் இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே நெருக்கமாக "மஸ்ட் நாட்" என்று திருத்தியிருக்கிறாள். ஏன் அடித்தாய் என்று கேட்டேன். "மஸ்ட் என்றால் வேண்டும். அப்படியானால் மஸ்ட் நாட் என்றால் வேண்டாம்தானே, மிஸ்?" என்றாள். அவளுடைய கணக்கில் எனக்குத் தவறு தெரியவில்லை. தவறு வேறு எங்கோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல என்னால் இயலவில்லை.

பயிற்சி நூல்களில் மஸ்ட் என்றால் கட்டாயம், ஷுட் என்றால் அறிவுரை, மே என்றால் அனுமதி என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் கட்டத்தை ஒப்பிக்கிறார்கள். தொடர் எழுதும்போது விழுந்துவிடுகிறார்கள். இதைக் கற்பித்த அனுபவமுள்ளவர்களும், தொழிலில் ஆங்கிலம் எழுதுபவர்களும் தங்கள் வழியைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

குடந்தை ஓய்வாசிரியர் எழுதியது:

அம்மா, அந்த மாணவி அடித்துத் திருத்திய இடத்தில்தான் பாடமே இருக்கிறது. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தேன். முதல் பத்தாண்டுகள் நானும் அந்தக் கட்டத்தைத்தான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

"மஸ்ட் நாட் கோ" என்னும் தொடரில் "நாட்" என்ற சொல் மஸ்ட்டை மறுக்கவில்லை. அதற்குப் பின்னால் வரும் செயலையே மறுக்கிறது. போகாமலிருப்பது கட்டாயம் என்பது அதன் பொருள். "டோன்ட் ஹேவ் டு கோ" என்னும்போது மறுக்கப்படுவது கட்டாயம். போவதற்கு எந்தத் தடையும் இல்லை, விரும்பினால் போய்க்கொள்ளலாம். மாணவி செய்த கணக்கு, எதிர்மறை எப்போதும் துணைவினையின்மீதே விழும் என்ற நம்பிக்கையில் செய்தது. ஹேவ் டு, நீட் ஆகியவற்றில் அது அப்படியே விழுகிறது. மஸ்ட்டில் விழுவதில்லை.

இனி நம் மொழியின் பக்கம் வருவோம். நம்முடைய "வேண்டாம்" இரண்டு வேலைகளையும் செய்கிறது. குளக்கரையில் "ஆழம் அதிகம், இறங்க வேண்டாம்" என்று எழுதி வைத்தால் அது தடை. கடைக்காரர் "நீங்கள் காசு தர வேண்டாம், அண்ணன் கொடுத்துவிட்டார்" என்றால் அது விடுவிப்பு. சொல் ஒன்றுதான்; குரலும் இடமும் பொருளைப் பிரித்துக் கொடுத்துவிடுவதால் தமிழில் நமக்குத் தடுமாற்றம் வருவதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தப் பிரிவினையை நாமே முன்கூட்டிச் செய்தாக வேண்டியிருக்கிறது.

ஆகவே நான் பிள்ளைகளுக்குச் சொன்னது இதுதான்: ஆங்கிலத்துக்குப் போவதற்கு முன் தமிழிலேயே தொடரை விரித்து எழுதுங்கள். "வர வேண்டாம்" என்பதை "வரக் கூடாது" என்று மாற்றினால் கருத்து நிற்கிறதா, "வர வேண்டியதில்லை" என்று மாற்றினால் நிற்கிறதா? முதலாவது என்றால் மஸ்ட் நாட்; இரண்டாவது என்றால் டோன்ட் ஹேவ் டு, அல்லது நீட் நாட். உங்கள் விடுமுறைத் தொடரில் "பள்ளிக்கு வரக் கூடாது" என்று போட்டுப் பார்த்தால், பள்ளிக்கூட வாசலில் காவலாளி நிற்பது போலத் தோன்றும். பிள்ளைகள் அந்த இடத்தில் தாமாகவே திருத்திக்கொள்வார்கள்.

தமிழில் இந்த வேறுபாடுகள் இல்லை என்று சிலர் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. இருக்கின்றன, நாம் குறுகிய வடிவத்தையே பழக்கத்தில் பிடித்துக்கொள்கிறோம். "நான் மருத்துவரைப் பார்க்க வேண்டும்" என்பதையும் "மாதந்தோறும் தஞ்சாவூர் போய் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது" என்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதில் என் முடிவு பேசுகிறது. இரண்டாவதில் சூழ்நிலை என்னை இழுத்துக்கொண்டு போகிறது. மஸ்ட்டுக்கும் ஹேவ் டு-வுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ இதுவே. கடந்த காலத்தில் மஸ்ட் கட்டாயத்தைச் சுட்டாது. அங்கே ஹேட் டு மட்டுமே வரும், அதற்கும் "வேண்டியிருந்தது", "வேண்டியதாயிற்று" என்று நம்மிடம் நேரான சொற்கள் உள்ளன.

ஓரிடத்தில் மட்டும் தமிழே மாணவர்களை ஏமாற்றும். "அவர் போயிருக்க வேண்டும்" என்றால் இரண்டு பொருள். செருப்பைக் காணவில்லை, ஆகையால் போயிருக்க வேண்டும் என்பது ஊகம். ஆங்கிலத்தில் மஸ்ட் ஹேவ் கான். துக்கவீடு, அவர் அவசியம் போயிருக்க வேண்டும், போகவில்லை என்பது குறைகூறல். அது ஷுட் ஹேவ் கான். இவ்விரண்டையும் மாற்றி எழுதினால் போகாதவர் போனவராகிவிடுவார்.

திருவாரூர் நெல்வணிகம் எழுதியது:

ஐயாவின் விளக்கத்தை மதிப்போடு படித்தேன். ஒரு கருத்தில் மட்டும் வேறுபடுகிறேன், பொறுத்தருள்க. மஸ்ட் என்றால் பேசுபவரின் விருப்பம், ஹேவ் டு என்றால் வெளியிலிருந்து வரும் கட்டாயம் என்ற பகுப்பு வகுப்பறையில் தொடக்கத்துக்கு உதவும். தொழில் ஆங்கிலத்தில் அது நிற்பதில்லை. எங்களுக்கு வரும் கொள்முதல் நிபந்தனைகளில் ஈரப்பதம் இத்தனை சதவீதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும், சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும் என்பதெல்லாம் மஸ்ட் என்றுதான் அச்சாகின்றன. அங்கே யாருடைய மனவிருப்பமும் இல்லை. அதே மனிதர் தொலைபேசியில் பேசும்போது "யூ ஹேவ் டு அட்டாச் இட்" என்கிறார். எழுத்து விதிக்கு மஸ்ட், பேச்சுக்கு ஹேவ் டு என்ற பிரிவும் கூடவே ஓடுகிறது. அமெரிக்கரோடு பேசும்போது ஹேவ் டு இன்னும் மிகுதியாகக் காதில் விழும்.

நான் எழுத வந்தது வேறொரு சோடி பற்றி. குட் (could) என்பதற்கும் வாஸ் ஏபிள் டு என்பதற்கும் உள்ள வேறுபாடு எங்களுக்கு இரண்டு நாள் லாரி வாடகையைக் கற்றுக்கொடுத்தது. சம்பா அறுவடை முடிந்த நேரம். வெளிமாநில வணிகர் ஒருவருக்கு முந்நூறு மூட்டை ஏற்றியாகிவிட்டது, மீதிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு அஞ்சல் எழுதினேன். "ஏற்ற முடிந்தது" என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு "வி குட் லோட் த்ரீ ஹண்ட்ரட் பேக்ஸ்" என்று எழுதினேன். அவரிடமிருந்து "அப்படியானால் ஏற்றிவிடுங்கள், மீதி எப்போது தயாராகும்?" என்று பதில் வந்தது. அவர் படித்தது "நீங்கள் சொன்னால் ஏற்ற முடியும்" என்று. ஏற்றிய லாரி எங்கள் களத்து ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அவர் இன்னும் ஏற்றவே இல்லை என்று எண்ணி, இறக்குமிடத்தை ஏற்பாடு செய்யாமல் இருந்தார்.

அதன்பிறகு இதைத் தேடித் தேடிப் படித்தேன். கடந்த காலத்தில் நெடுநாள் இருந்த திறமைக்குத்தான் குட் பொருந்தும். "சிறுவயதில் வெண்ணாற்றை ஒரே மூச்சில் நீந்திக் கடப்பேன்" என்றால் "ஐ குட் ஸ்விம் அக்ராஸ்" சரி. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு காரியம் நடந்தேறியது என்றால் வாஸ் ஏபிள் டு, அல்லது மேனேஜ்டு டு, அல்லது எதுவும் இல்லாமல் வெறும் இறந்தகால வினை. "லோடட்" என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தால் எங்களுக்குச் செலவே வந்திருக்காது. எதிர்மறையில் மட்டும் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும். நேற்று ஏற்ற முடியவில்லை என்பதற்குக் குட் நாட் தாராளமாக எழுதலாம். பார்த்தல், கேட்டல் போன்ற புலன் வினைகளோடும் குட் தடையின்றி வரும்.

தமிழன் இதில் ஏன் விழுகிறான் என்றால், நம்முடைய "முடிந்தது" என்ற சொல்லிலேயே காரியம் நிறைவேறிய செய்தி அடங்கியிருக்கிறது. குட் என்பதில் அது அடங்கவில்லை. ஆற்றல் இருந்தது என்பதோடு அது நின்றுவிடும்.

நாகை தேர்வர் எழுதியது:

வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். எங்கள் பயிற்சிக் கையேட்டில் மே என்றால் ஐம்பது சதவீத வாய்ப்பு, மைட் என்றால் முப்பது சதவீத வாய்ப்பு என்று போட்டிருக்கிறார்கள். "மழை வரலாம்" என்று சொல்லும்போது எத்தனை சதவீதம் என்று நான் எப்படி அறிவது? இரண்டுக்கும் தமிழில் "-லாம்" ஒன்றுதானே இருக்கிறது?

கொள்ளிடக்கரை செய்தியாளர் எழுதியது:

தம்பி, அந்தச் சதவீதத்தை மறந்துவிடுங்கள். எந்த ஆங்கிலேயரும் மனத்தில் சதவீதம் கணக்கிட்டுக்கொண்டு மே, மைட் பேசுவதில்லை. நிகழ்காலத்தில், எதிர்காலத்தில் இரண்டும் பெரும்பாலும் இடம் மாறி நிற்கும். மைட் சற்றுத் தயங்கிச் சொல்வது போல ஒலிக்கும், அவ்வளவே. பிறர் சொன்னதை இறந்தகாலத்தில் எடுத்துச் சொல்லும்போது மே என்பது மைட் ஆகிவிடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

இரண்டும் கூர்மையாகப் பிரிவது கடந்த காலத்தில்தான். தமிழ்ச் செய்தியை ஆங்கிலத்தில் சுருக்கி அனுப்புவது என் வேலையின் ஒரு பகுதி. கொள்ளிடத்தில் தண்ணீர் பெருகி ஓடிய ஒரு நாள், அணைக்கரைப் பக்கம் குளிக்க இறங்கிய ஒரு சிறுவனைச் சுழல் இழுத்துவிட்டது. கரையில் இருந்த லஸ்கர், அதாவது மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர், கயிற்றை வீசி அவனை இழுத்துப் போட்டார். "அவர் மட்டும் இல்லையென்றால் பையன் மூழ்கியே போயிருப்பான்" என்று ஊர்க்காரர்கள் சொன்னதை, "த பாய் மே ஹேவ் டிரவுண்டு" என்று நான் எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த நிமிடம் தொலைபேசி ஒலித்தது. "உடல் கிடைத்ததா, இன்னும் தேடுகிறார்களா?" என்று கேட்டார்கள். பையனோ அப்போது துண்டைப் போர்த்திக்கொண்டு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தான்.

மே ஹேவ் என்றால் என்ன நடந்தது என்று இன்னும் தெரியவில்லை என்பது பொருள். மைட் ஹேவ் அந்தப் பொருளிலும் வரும். நடந்திருக்கக்கூடியது, ஆனால் நடக்கவில்லை என்ற பொருளிலும் வரும். இரண்டாவது பொருளுக்கு மே ஹேவ் எழுதுபவர்களை இக்காலத்தில் காணலாம் என்றாலும், கவனமாக எழுதுபவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். நானும் அந்த நாளிலிருந்து தவிர்க்கிறேன். தமிழில் இதற்கு வேறுபாடு இல்லை என்று நினைக்காதீர்கள். "மூழ்கிப் போயிருக்கலாம்" என்றால் தெரியாத நிலை. "மூழ்கியே போயிருப்பான்" என்றால் தப்பித்த நிலை. ஊர்க்காரர் வாயில் வந்தது இரண்டாவது வடிவம். அதை நான் காதில் சரியாக வாங்கியிருந்தால் ஆங்கிலமும் சரியாக வந்திருக்கும்.

ஊகத்தின் வலிமையைக் காட்டுவதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு. 2018 ஆகஸ்ட் 22 இரவு திருச்சி அருகே முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. அணை 1836-இல் கட்டப்பட்டது. மறுநாள் கரையில் நின்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "மணல் அரிப்பு அடித்தளத்தை வலுவிழக்கச் செய்திருக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அது மே ஹேவ். "வேறு காரணமே இருக்க முடியாது, இதனால்தான் உடைந்திருக்க வேண்டும்" என்றால் மஸ்ட் ஹேவ். "ஒரே இரவில் வந்த வினையாக இது இருக்க முடியாது" என்றால் கான்ட் ஹேவ். இங்கேதான் பலர் மஸ்ட் நாட் ஹேவ் என்று எழுதிவிடுகிறார்கள். ஊகத்தில் மஸ்ட்டுக்கு எதிர்ப்பக்கம் கான்ட் என்பதே பொது வழக்கு. மூவரும் ஒரே மதகைப் பார்த்துத்தான் பேசினார்கள். ஒவ்வொருவரும் தம் சொல்லுக்கு எவ்வளவு பொறுப்பேற்கிறார் என்பதில்தான் வேறுபாடு. செய்தி எழுதுபவன் ஒருவருடைய மே-யை மஸ்ட் ஆக்கினால் அவர் சொல்லாத குற்றச்சாட்டை அவர் வாயில் வைத்துவிடுகிறான்.

தஞ்சை வழக்குரைஞர் எழுதியது:

இந்த இழையில் மே பற்றிப் பேச்சு வந்ததால் நானும் சேர்ந்துகொள்கிறேன். இலக்கணப் பயிற்சியில் மே-யும் ஷல்லும் ஒரு மதிப்பெண் வினாக்கள். நம் டெல்டாவில் அவை எத்தனையோ குறுவைகளின் கதை.

1956-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான ஆற்றுநீர்ப் பிணக்குகள் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பிரிவில், பிணக்கை நடுவர் மன்றத்துக்கு அனுப்புமாறு மாநில அரசு மத்திய அரசைக் கேட்டுக்கொள்ளலாம் என்ற இடத்தில் மே வருகிறது. கேட்பதும் கேட்காததும் மாநிலத்தின் விருப்பம். நான்காம் பிரிவில், பேச்சுவார்த்தையால் தீராது என்று மத்திய அரசு கருதினால் நடுவர் மன்றத்தை அமைத்தல் வேண்டும் என்ற இடத்தில் ஷல் வருகிறது. காவிரி நீருக்காக நம் பகுதி விவசாயிகள் சங்கம் ஒன்று 1983-இலேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தமிழ்நாடு அரசு 1986 ஜூலையில் முறைப்படி கோரிக்கை வைத்தது. பேச்சுவார்த்தைகள் நீண்டுகொண்டே போயின. 1990 மே 4 அன்று, இனியும் பேசித் தீரும் என்று சொல்லிக்கொண்டிருக்க இயலாது, ஒரு மாதத்துக்குள் நடுவர் மன்றத்தை அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 1990 ஜூன் 2 அன்று மன்றம் அமைந்தது. அந்தப் பிரிவில் ஷல் இருந்த இடத்தில் மே இருந்திருந்தால் விவசாயிகளின் வாதம் எவ்வளவு பலவீனமாக நின்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்த கட்டத்தில் மே குறுக்கே வந்தது. நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5-இல் வந்தது. அரசிதழில் வெளியானது 2013 பிப்ரவரி 19-இல். தீர்ப்பைச் செயல்படுத்தும் திட்டத்தைப் பற்றிப் பேசும் 6ஏ பிரிவு, மத்திய அரசு திட்டம் ஒன்றை வகுக்கலாம் என்று மே போட்டுத்தான் எழுதப்பட்டிருக்கிறது. திட்டம் வரவில்லை. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கிடைக்க வேண்டிய நீரை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. அதே தீர்ப்பில், ஆறு வாரத்துக்குள் திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்று ஷல் என்ற சொல்லாலேயே ஆணையிட்டது. சட்டம் மே என்று விட்டிருந்த இடத்தில் நீதிமன்றத்தின் ஷல் வந்து அமர்ந்தது. 2018 ஜூன் 1-இல் திட்டம் அரசிதழில் வெளியாகி, காவிரி நீர் மேலாண்மை ஆணையத்துக்கு வழி பிறந்தது. எனக்கு அந்த நீர்க்குறைப்பில் இன்றும் ஆற்றாமை உண்டு. ஆனால் அந்த ஷல்லின் அருமையையும் மறக்க மாட்டேன்.

இதனால் சட்டத்தில் மே எல்லாம் விருப்பம், ஷல் எல்லாம் கட்டாயம் என்று இளைஞர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. அதிகாரத்தோடு கடமையும் சேர்ந்து கொடுக்கப்பட்ட இடங்களில் நீதிமன்றங்கள் மே-யை ஷல் என்று பொருள்கொண்டதுண்டு. ஷல்லை வெறும் வழிகாட்டுதலாகக் கொண்டதும் உண்டு. இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் அமெரிக்காவில் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் 2007-இல் திருத்தி எழுதப்பட்டபோது பல இடங்களில் ஷல்லை எடுத்துவிட்டு மஸ்ட் போட்டார்கள். நம் சட்டத் தமிழ் ஷல்லுக்கு "-தல் வேண்டும்" என்றும் மே-க்கு "-லாம்" என்றும் ஒரே வடிவத்தை விடாமல் பின்பற்றுகிறது. "அமைத்தல் வேண்டும்" என்று படிக்கும்போது நடை இறுக்கமாகத் தோன்றலாம். அந்த இறுக்கத்தில்தான் பொருள் கசியாமல் நிற்கிறது.

நாகை தேர்வர் எழுதியது:

அம்மா, மிக்க நன்றி. இதை இப்படி யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. ஐ, வி என்பவற்றுக்கு ஷல்லும் மற்றவற்றுக்கு வில்லும் வர வேண்டும் என்று எங்கள் வகுப்பில் சொல்கிறார்களே, அது இப்போதும் விதியா? ஆட் டு (ought to) பற்றியும் ஒரு வரி சொன்னால் உதவியாக இருக்கும்.

குடந்தை ஓய்வாசிரியர் எழுதியது:

தம்பி, அந்த விதிக்கு வயது முந்நூற்று ஐம்பதுக்கும் மேல். ஜான் வாலிஸ் என்னும் கணித அறிஞர் 1653-இல் ஆங்கில இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதியபோது, தன்மை இடத்தில் ஷல் வந்தால் வெறும் எதிர்காலம், வில் வந்தால் உறுதி அல்லது மிரட்டல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழ் என்று வகுத்தார். பள்ளிக்கூடங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. எங்கள் ஆசிரியர்கள் இதற்காகப் பிரம்பையே எடுத்ததுண்டு. இன்றைய ஆங்கிலத்தில் எல்லா இடங்களுக்கும் வில் வரும். ஷல் உயிரோடிருப்பது "நான் கதவைத் திறக்கட்டுமா?", "நாம் கிளம்பலாமா?" என்ற கேள்விகளிலும், வழக்குரைஞர் அம்மா சொன்ன சட்ட நடையிலுமே. தேர்வில் கேட்டால் தேர்வுக்குரிய விடையை எழுதுங்கள். கடிதத்தில் வில் எழுதுங்கள்.

ஆட் டு என்பது ஷுட்டின் பங்காளி. பொருளில் பெரிய வேறுபாடு கிடையாது; சற்று அறநெறி வாடை வீசும், வழக்கில் குறைந்து வருகிறது. அதற்குமேல் அதில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

திருவாரூர் நண்பருக்கு: நீங்கள் சொன்ன எழுத்து, பேச்சுப் பிரிவை ஒப்புக்கொள்கிறேன். என் பகுப்பு முதல் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஊன்றுகோல். நடக்கத் தெரிந்தவர்கள் அதை வைத்துவிட்டுப் போகலாம்.

கடைமடைப் பாசனம் எழுதியது:

நான் பாசனப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஷுட் பற்றி யாரும் முழுமையாகத் தொடவில்லை என்பதால் ஓர் அனுபவம் சொல்கிறேன். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். திறந்த நீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று, நான்கு நாள் ஆகும். வெளியூர் ஆய்வுக் குழு ஒன்றுக்குக் குறிப்பு எழுதிய என் உதவியாளர், "நீர் பதினாறாம் தேதிக்குள் கல்லணைக்கு வந்துவிட வேண்டும்" என்று தாம் நினைத்ததை, "த வாட்டர் மஸ்ட் ரீச்" என்று எழுதிவிட்டார். படித்தவர்கள் அதை நாங்கள் மேட்டூருக்கு இடும் கட்டளையாக எடுத்துக்கொண்டு, யாருக்கு இந்த உத்தரவு என்று கேட்டார்கள்.

வழக்கப்படி நடந்தால் இப்படித்தான் ஆகும் என்ற எதிர்பார்ப்புக்கு ஷுட்தான் உரிய சொல். "த வாட்டர் ஷுட் ரீச் பை த சிக்ஸ்டீன்த்" என்றால் எவருக்கும் ஐயம் வராது. மஸ்ட் நிகழ்காலத்தையும் கடந்த காலத்தையும் பற்றி ஊகிக்கும். வாய்க்காலில் சலசலப்புக் கேட்கிறது, தலைப்பில் திறந்துவிட்டிருக்க வேண்டும் என்றால் மஸ்ட் ஹேவ். எதிர்காலத்தில் மஸ்ட் போட்டால் பெரும்பாலும் கட்டளையாகவே முடியும். நம்முடைய "வேண்டும்" எதிர்பார்ப்பு, ஊகம், கட்டளை மூன்றையும் தாங்குவதால் கை தானாக மஸ்ட்டுக்குப் போய்விடுகிறது.

நீட் பற்றியும் ஒன்று. முறைப்பாசனத்தில் எங்கள் முறை வருவதற்கு முதல்நாள் ராத்திரி, பயிர் வாடுகிறதே என்று ஒரு விவசாயி டீசல் எஞ்சின் வைத்து இரவெல்லாம் இறைத்தார். விடியற்காலை நல்ல மழை. "இறைத்திருக்க வேண்டியதில்லை" என்று அவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதுதான் நீட் நாட் ஹேவ் பம்ப்டு: இறைத்தார், வீணாயிற்று. பக்கத்து வயல்காரருக்கு அன்று இறைக்கும் தேவையே எழவில்லை, அவர் இறைக்கவும் இல்லை. அது டிட் நாட் நீட் டு பம்ப். டீசல் செலவானதா இல்லையா என்று கேட்டுக்கொண்டால் எந்த வடிவம் என்று தெரிந்துவிடும்.

மன்னார்குடி மாலைவகுப்பு எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. இன்று மாலை வகுப்பில் கட்டத்தைக் கரும்பலகையில் எழுதவில்லை. ஐயா சொன்னபடி "கூடாது", "வேண்டியதில்லை" என்று இரண்டு தலைப்பு மட்டும் எழுதி, பிள்ளைகளையே வீட்டில் கேட்கும் "வேண்டாம்" தொடர்களைச் சொல்லச் சொன்னேன். "மதகில் ஏறி விளையாட வேண்டாம்", "இன்றைக்குச் சமைக்க வேண்டாம், அத்தை வீட்டில் சாப்பாடு" என்று ஒவ்வொன்றாக வந்து சரியான தலைப்பின்கீழ் அமர்ந்தன. டீசல் எஞ்சின் கதையைச் சொன்னபோது, எங்கள் அப்பாவும் அப்படித்தான் இறைத்தார் என்று இரண்டு பிள்ளைகள் கை தூக்கினார்கள். நீட் நாட் ஹேவ் இனி அவர்களுக்கு மறக்காது.

பாடம் முடியும் நேரத்தில் அதே மாணவி எழுந்து நின்று, "மிஸ், என் தம்பி கீழே விழுந்தால் அம்மா 'அழ வேண்டாம்டா கண்ணு' என்பார்கள். அது இரண்டு தலைப்பிலும் வரவில்லையே?" என்றாள். எனக்கு மறுபடியும் பதில் வரவில்லை, ஐயா.

குடந்தை ஓய்வாசிரியர் எழுதியது:

அம்மா, அந்தப் பெண்ணுக்கு என் ஆசியைச் சொல்லுங்கள். அந்த "வேண்டாம்" தடையும் இல்லை, விடுவிப்பும் இல்லை, தேற்றுவது. ஆங்கிலத் தாயும் அங்கே மஸ்ட்டையோ நீட்டையோ தேடமாட்டாள். "டோன்ட் க்ரை" என்பாள். மூன்றாவதாக ஒரு தலைப்பு எழுதி, அதன்கீழ் இந்தத் தொடரை அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.